அரை விரற்கடை

ஃபளீல் நானாவின் கடையில்
செத்துப்போன டிவிடி பிளேயர்களுக்கென்று ஒரு மூலை.
மஸ்கெலியாவில் இப்போது யாரும்
தட்டு போட்டுப் படம் பார்ப்பதில்லை.
"வேணும்ண்டா ஒண்ண எடுத்துக்கங்க,
ஸ்க்ரூவ மட்டும் திருப்பித் தந்துருங்க" என்றார்.

உள்ளே கம்பிச் சுருள்களுக்கு நடுவில்
ஒரு கண்ணாடிச் சொட்டு.
உளுந்தில் பாதி.
ஊதினால் பறந்துவிடுமென்று மூச்சைப் பிடித்தேன்.
அந்த வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஹேர்பின், அண்ணியின் டப்பாவிலிருந்து.
டேப், எண்பது ரூபாய்.
டோர்ச்சின் உறைப்பைக் குறைக்க லஞ்ச் ஷீட்,
மதியச் சோறு கட்டி வந்ததைக் கழுவி எடுத்தது.
பருப்பின் மஞ்சள் முழுதாகப் போகவில்லை.
என் முதல் படங்களில் எல்லாம்
ஒரு மூலையில் மட்டும் வெயிலடிப்பது அதனால்தான்.

பின்னின் வாயில் லென்ஸைக் கவ்வவிட்டு
ஃபோனின் கண்மேல் ஒட்டினேன்.
உப்பைப் பார்த்தேன்: கூரையில்லாத வீடுகள்.
இருபது ரூபாய்த் தாளைப் பார்த்தேன்:
உழுதுபோட்ட நிலம்.
இரவு பதினொன்று வரைக்கும்
காம்பராவில் இருந்த எதையும் விடவில்லை.

வெளியே போனதும் எல்லாம் தோற்றது.
அரை விரற்கடை தூரத்தில் போய் நின்றால்தான்
இந்தக் கண்ணுக்குத் தெரியும்.
எந்தப் பூச்சி அவ்வளவு கிட்டத்தில் விடும்?
வெட்டுக்கிளி என் நிழலுக்கே எழும்பிப் போனது.
லேசாகக் காற்றடித்தால் தேயிலைத் தூர் ஒரு கடல்.
கொழுந்தின் மயிர் ஒன்று கூர்மையாக விழும்,
மிச்சம் முழுக்கப் பால்.
திரையைத் தொட்டுத் தொட்டுப் பயனில்லை,
உடம்பைத்தான் தராசு முள்ளாக
முன்னும் பின்னும் சாய்க்க வேண்டுமென்று புரிய
மூன்று ஞாயிறு போனது.
நூற்றிப் பன்னிரண்டு படம்.
செல்வரூபி அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு,
"இந்தப் பனிய வாசலத் தொறந்தாலே பாக்கலாமே" என்றாள்.

நான்காவது ஞாயிறு, ஆறு மணிக்கு முன்.
குளிரில் பூச்சிகளுக்குக் கால் மரத்திருக்கும்
என்றொரு நம்பிக்கை.
ஏழாம் நம்பர் மலையில் கானுக்குள் குந்தி
ஓர் ஈக்காகக் காத்திருந்தேன்.
அதன் முதுகெல்லாம் நீர்முத்து.
ஃபோனை நீட்டிய நொடி, முத்துகளோடு போய்விட்டது.

அப்போதுதான் ஒன்று என்னை நோக்கி வந்தது.
இத்தனை வாரத்தில்
தானாக வந்தது அது ஒன்றுதான்.
முழம்போட்டு முழம்போட்டு ஏறி,
கணுக்காலில் நின்று தலையைத் தூக்கி,
இடம் பார்த்து
வாயை வைத்தது அட்டை.

சவர்க்காரக் கட்டி பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
லஞ்ச் ஷீட் சுற்றிய டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முழங்கையை முட்டியில் ஊன்றினேன்.
குடித்து முடியும்வரை அது அசையாது.
நானும்.
இரண்டு பேரில் யார் யாருக்கு ஸ்டாண்ட்?

விலாவில் மஞ்சள் கோடு.
மண்ணிற முதுகில் கறுப்பு, மிளகுத்தூள் தூவியதுபோல.
தலையின் வளைவில் புள்ளிகள்;
வீட்டில் வந்து பெரிதாக்கி எண்ணினேன், பத்து.
கண்களாம்.
ஒரு படத்தில் ஒன்பதுதான்,
பத்தாவதை என் கால்முடி மறைத்திருந்தது.

டேப் எண்பது.
சொக்ஸ் ஒரு சோடி, இனி வெளுக்காது.
இரத்தம் மத்தியானம் வரை வடிந்தது,
அதற்கு விலை போடத் தெரியவில்லை.

ஃபளீல் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"அட்டைக்கா இவ்வளவு கண்ணு?
இவ்வளவு நாளா நம்மளப் பாத்துக்கிட்டா கடிச்சிச்சு?"
அப்புறம், யார் வாங்குவார்கள் இதை என்று கேட்டார்.
யாருமில்லை என்றேன்.
ரீலோட் போட ஆள் வந்துவிட்டது,
அவர் எழுந்து போனார்.

மூலையில் இன்னும் நான்கு பிளேயர் கிடக்கிறது.
ஒன்றைத் திறந்துவிட்டேன்.
இதன் கண் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் கீறல்.
ஸ்க்ரூக்களை ஒரு சோடா மூடியில் போட்டு வைத்திருக்கிறேன்,
ஐந்து. ஆறாவது
மேசைக்கடியில் எங்கேயோ உருண்டிருக்கிறது.