மூன்றாவது சிலிண்டர்

மாதவரத்தில் வாங்கிய அன்று
இந்த லாரி இப்படிப் பேசவில்லை.
மணலி சாலையில், கன்டெய்னர் வரிசையில்
இரண்டு மணி நேரம் ஊர்ந்து சூடேறிய பிறகுதான்
டொக்.
கொஞ்சம் விட்டு
டொக் டொக்.

டேப்பெட் என்றான் டிரைவர் தணிகாசலம்.
டர்போ என்றார் டீக்கடையில் ஒருவர், வண்டியைப் பார்க்காமலே.
நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்,
நான்கு நாள்.

சாத்தாங்காட்டுப் பட்டறையில் செலஸ்டின்
முதலில் ரேடியோவை அணைத்தார்.
நீள ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி
பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடினார்.
பக்கத்தில் யாரோ தகரம் தட்ட,
"டேய், ரெண்டு நிமிஷம் சும்மா இருடா."

பிறகு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை
ஒவ்வொன்றாய்த் தளர்த்தினார்.
ஒன்றில், டொக்.
இரண்டில், டொக்.
மூன்றில் டீசல் பீய்ச்சி என் சட்டையை நனைக்க
சத்தம் நின்றுவிட்டது.

நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"நின்னுச்சுன்னாதான் சார் பிரச்சினை.
கீழ பேரிங் போயிருக்கு."
டிப்ஸ்டிக்கை உருவி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.
"கெட்டி ஆயில் ஊத்தி வித்திருக்கான்.
ஆறியிருந்தா வாயே திறக்காது. சூட்டுல இளகிடும்."

சாவியைத் தரும்போது விற்றவர் சொன்னது நினைவிருக்கிறது:
"காது குடுத்துக் கேளுங்க, பூனை மாதிரி இருக்கும்."
கேட்டேனே,
அவர் வாயைப் பார்த்துக்கொண்டே.

செலஸ்டின் நட்டை மறுபடி முறுக்கினார்.
டொக்.
நான்கு நாளாய் வயிற்றைக் கலக்கிய சத்தம்
ரூபாயாகிவிட்டது. முப்பத்தெட்டாயிரம்,
லேபர் தனி.