மூணாம் பொத்தான்

பதினாலு மாசத்துக் காஜா பில்லுக்குத்
தெய்வசிகாமணி தந்தது
ஒரு சாவியும் ஒரு கும்பிடும்.
கறுப்பு பென்ஸ், எட்டு வருசத்துப் பழசு.
நான் விலை பேசவில்லை.
பேசியிருந்தால் ரெண்டு பேரில் ஒருத்தர்
அழுதிருப்போம்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் டெம்போ.
தோல் சீட்டில் பழைய போர்வை விரித்து
நாற்பது டஜன் டீசர்ட் கட்டு,
டிக்கியில் நூல் கோன், கேஸ் சிலிண்டர்,
ஒருமுறை
பொன்னாத்தாளின் பிரசவ வலி.
நைட் ஷிப்ட் விட்டால்
மடிமேல் மடியாக ஆறு பெண்கள்.
ஒடிசாக்காரி சஞ்சுக்தா
கூரைக் கண்ணாடியைத் திறக்கச் சொல்லி
கருவம்பாளையம் தாண்டும்வரை
நிலாவை எண்ணுவாள்:
ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு.

ராத்திரியெல்லாம் காற்று கசிந்து
விடியும்போது வயிறு தரைதொடப்
படுத்துக் கிடக்கும்.
சாவி போட்டால் முனகிக்கொண்டு
முன்னால் முதலில் தூக்கும், பின்னால் பிறகு.
மாடு பின்னங்கால் ஊன்றி எழும்.
அந்த ஒரு வித்தியாசம்தான்;
தீனி போட்டு மாளாது
ரெண்டுக்கும்.

சிங்காநல்லூர் மெக்கானிக் ஜெயபால்
கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
ஒரு காலுக்கு எழுபதாயிரமுங்க்கா.
நாலு கால்.
நான் பேசாமல் நின்றதைப் பார்த்து
'எந்திரிக்கற வரைக்கும் ஓட்டுங்க' என்றான்,
டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்
என் ஐநூறைப் பார்க்கிறார்,
வாசலைப் பார்க்கிறார்,
பேனாவை எடுக்காமல் இருக்கிறார்.
பேங்க் மேனேஜர்
சன்னல் வழியாக வண்டியைப் பார்த்ததும்
என் கடன் மனுவை மூடி வைத்தார்.
பாக்கி கேட்டுப் போகிற இடத்தில்
'உங்களுக்கென்னங்க அவசரம்' என்று
எனக்கே டீ சொல்கிறார்கள்.
இப்போது ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
நடந்து போகிறேன்.

கதவில் மூணு பொத்தான் உண்டு.
ஒண்ணை அமுக்கினால் சீட்டு பின்னால் போய்ச் சாய்ந்து
ஒரு பெரிய உடம்புக்கு இடம் விடும்.
ரெண்டாவது அவர் சம்சாரம்:
ஸ்டியரிங்கை ஒட்டி, நிமிர்ந்து,
இடுப்புக்கு ஒரு மேடு.
அந்தம்மாவுக்கு முதுகுவலி இருந்திருக்க வேணும்.
மூணு காலியாகக் கிடந்தது.
நாளைக்கு நாலாயிரம் பொத்தான் தைக்கிறவள் நான்;
என் உடம்பை அந்த ஒண்ணில் பதிய
ஆறு மாசம் ஆனது.

போன வெள்ளி
வீரபாண்டி பிரிவு ஸ்டாப்பில் தூறலில் அவர்.
கையில் கட்டைப்பை.
ஓரங்கட்டினேன்.
'நீங்க போங்கம்மணி, பஸ்சு வந்துருமுங்.'
'வராதுங், ஏறுங்.'
பின்னால் காலர் கட்டு. முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
அவர் வலதுகால் வெறும் மேட்டை அமுக்கியது.

அப்போது திரையில் எழுத்து வந்தது:
சிகாமணி போன் இணைந்தது.
தினமும் காலையில் என்னை
யாரென்று கேட்கிற வண்டி.
ரெண்டு பேரும்
வைப்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

சின்னக்கரை வளைவில் மணியடித்தது,
அத்தனை ஸ்பீக்கரிலும்.
'அப்பா, எங்க வர்றீங்க?'
'பஸ்சுல கண்ணு.'
'பஸ்சுலயா? சத்தமே இல்லயேப்பா?'

நாலு கண்ணாடியையும் இறக்கினேன்.
லாரி ஹாரன், சாயத்தண்ணி வாடை, சாரல்,
ஒரு புரோட்டாக் கடையின் தகர டமடமா
எல்லாம் ஏறிக்கொண்டன.
போதாதோ என்று
குரலைத் தூக்கிக் கேட்டேன்:
'ஏனுங், இந்த பஸ்சு அருள்புரத்துல நிக்குமுங்களா?'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

'நிக்குமுங்' என்றார்,
என் பக்கம் திரும்பாமல்.

பின்சீட்டில் காலர் கட்டு
நனைந்துகொண்டு வந்தது.