இரண்டு மீட்டர் பதினான்கு

சித்திரை. மேட்டூர் மூடிக் கிடக்கிறது.
தலைஞாயிறுக்குத் தெற்கே, பாளம் விட்ட வயலில்
துளைக்கோலைத் திருகி இறக்குகிறார் உத்திராபதி.
ஏறி வருவது களி, களி, மறுபடி களி.

எவர்சில்வர் கரண்டி ஆகாது என்றேன்.
ஐஸ் விற்பவரிடம் வாங்கிய மரக்குச்சியால் சுரண்டி
குப்பிகளில் அடைக்கிறோம்.
பிடித்துக் கொடுப்பவள் தையல்நாயகி,
வயல் அவளுடையது.

கருவி சொல்கிறது:
எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.
ஆற்று மண் இப்படித்தான்.
மேற்கே எந்தெந்த மலையோ உதிர்த்த கரும்பொடி
காந்தத்தைக் கண்டதும் முகம் திருப்பும்.

ஒரு மீட்டர் நாற்பதில்
எண் ஆயிரத்தைத் தாண்டியது.
என்ன ஊழி, எந்த எரிமலை என்று
மனசுக்குள் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன்.
உத்திராபதிதான் கண்ணால் காட்டினார்:
குனிந்திருந்த அவள் கழுத்தில்
தாலிக்கயிற்றோடு ஆடிய இரண்டு ஊக்கு.

"ஒண்ணு முள்ளெடுக்க. இன்னொண்ணு சும்மா."
கழற்றி வரப்பில் வைத்தாள்.
எண்பத்தொன்பது.

இரண்டு மீட்டர் பதினான்கில்
இருபத்தேழு.
கழற்ற எதுவும் இல்லை.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
இருபத்தேழு.
ஒரு விரற்கடைகூட இல்லை அந்த அடுக்கு.
செம்மை என்று சொன்னபிறகுதான் செம்மை.
தேய்த்துப் பார்த்தால்
விரல் ரேகைக்குள் போய் உட்காரும் மாவு.

ஆய்வகத்தின் பெரிய காந்தத்துக்குள்
ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது அதன் குணம்:
லேசில் இணங்காது,
இணங்கியபின் லேசில் விடாது.
துருவின் பிடிவாதம்.
ஆறு இழுத்து வந்ததல்ல,
காற்று சுமந்து வந்து இறக்கியது.

ஆறு வராமல் போயிருக்கிறது.
ஒரு வருஷமா, ஒரு தலைமுறையா,
காந்தத்துக்கு நாட்காட்டி தெரியாது.
மூடப் பயிரில்லாத தரையில்
தூசிக்கு இறங்க இடம் கிடைத்திருக்கிறது.
அதற்குமேல் மறுபடி
எண்பது, எண்பத்துமூன்று, தொண்ணூறு,
எதுவும் நடக்காததுபோல.

போனில் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே இருந்தவள்,
"ஆனி முடியப் போவுது. எங்க வாய்க்காலுக்கு
இன்னும் தண்ணி எட்டலைங்க.
காலையில வாசல் கூட்டினா ஒரு முறம் புழுதி.
அதுக்கு என்ன நம்பர் வரும்?"

தெரியவில்லை, கொஞ்சம் அள்ளி வை என்றேன்.

"கையாலதானே? சரி.
ஊக்கைக் கழட்டிட்டே அள்ளுறேன்."