பொய்க்காசு பத்தாயிரம்

லாபிஸில் கடைசி ரயில் போனபின்
எனக்கு ஒரு ராஜ்ஜியம் திறக்கும்.
ஐந்து சக்கரம், மூன்று வரிசை,
பின்னால் மலை, மலைமேல் கோட்டை,
கோட்டைமேல் எப்போதும் அதே மின்னல்.

ஓர் ஆட்டத்துக்கு நாற்பது வெள்ளி.
ஆடுவதற்கு அல்ல, ஆடிப் பார்த்து
எப்படி இருக்கிறது என்று எழுதுவதற்கு.
காசு பொய்க்காசு. பத்தாயிரம்.
தீர்ந்தால் பக்கத்தைப் புதுப்பித்து
மறுபடி பத்தாயிரம்.
ஜேசன் லிம் கேட்பது நான்கே கட்டம்:
படம், ஒலி, போனஸ், மொத்தம்.

படம் சுத்தம்.
அரசன் தாடியில் ஒவ்வொரு மயிரும் தனியாக அசைகிறது.
ராணி, வீரன், கேடயம், பொற்கிண்ணம்,
தட்டில் முழுப் பன்றி கூட உண்டு.
பன்றி மேய்த்தவன் இல்லை.
கதிர் அறுத்தவன் எவனும் சக்கரத்தில் வரவில்லை.
அவன் இடத்தில்
ஏ, கே, கியூ, ஜே.

ஒரு வெள்ளி வைத்து இருபது காசு வந்தாலும்
எக்காளம் ஊதுகிறார்கள்.
போன எண்பது காசுக்கு ஊதும் எக்காளம்
என்று எழுதி அழித்தேன்.
உற்சாகமான இசை.

நம் ராஜாக்கள் ஆறில் ஒன்று கேட்டார்கள் என்று
தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
இந்தத் தாடிக்காரன் தயவுள்ளவன்,
நூற்றுக்கு நாலுதான்.
என்ன, இவனுக்கு
மூன்று வினாடிக்கு ஓர் அறுவடை.

பகலில் செம்பனை ஆலையின் எடை மேடையில் இருப்பேன்.
லோரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
பழுக்காத குலைக்கு இவ்வளவு,
நீளக் காம்புக்கு இவ்வளவு,
கழித்துச் சீட்டு.

தயாளன் வரிசையில் பதினோராவது.
ஸ்டீயரிங்மேல் சாய்த்த கைப்பேசியில்
எனக்குத் தெரிந்த மின்னல்.
"இந்தக் கோட்டை கேம் நல்லாருக்காம் லா,
எவனோ நாலு ஸ்டார் போட்டிருக்கான்."
போட்டிருக்கான்.
"டிராகன் வந்துச்சா?"
"ரெண்டு கோட்டை விழுந்துருச்சு.
மூணாவதுக்கு மட்டும் சக்கரம் மெதுவா சுத்துது பாத்தியா,
வரப்போறதுக்கு அடையாளம் அது."

எண்ணி வைத்திருக்கிறேன்.
நானூறு முறை மெதுவாகச் சுற்றி
முப்பத்தொரு முறை விழுந்தது.
சொல்ல வாய் திறந்தேன்,
பின்னால் லோரி ஹாரன் அடித்தது.
இருபத்தொன்று புள்ளி நான்கு ஆறு டன்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அன்று இரவு நாலை மூன்றாக்கினேன்.
பத்து நிமிடத்தில் ஜேசனின் குரல் வந்தது,
கோபமில்லாமல், கொட்டாவியோடு:
புது போனஸ் சேர்த்திருக்கிறார்கள், அதை ஆடிப் பார்,
நாலை நாலாகவே விடு.
விட்டேன்.
பையனுக்கு அந்த மாதம் பள்ளிப் பேருந்துக் காசு
இரண்டு ஆட்டம்.

இரண்டு மணிக்கு மூன்றாவது கோட்டை விழுந்தது.
திரை இருண்டு மூன்று கதவு.
நடுவில் தொட்டேன்.
டிராகன் ஒரு கண்ணைத் திறந்தது.
பன்னிரண்டு இலவசச் சுற்று,
சுற்றுக்குச் சுற்று வீரன் ஒரு சக்கரம் முழுக்க நின்றான்.
எண் ஏறியது,
மேடையில் லோரி ஏறும்போது ஏறுவது போல,
ஆனால் நிற்காமல்,
நிற்காமல்.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது
நான் எழுந்து நிற்கிறேன் என்று.
வாயைப் பொத்திக்கொண்டு.
பொய்க்காசுக்கு.

உள்ளே பையன் புரண்டு படுத்தான்.
நாற்காலியை நிமிர்த்தினேன்.
படம், ஒலி, போனஸ், மொத்தம்.
இதை எழுதக் கட்டம் இல்லை.

ஆலைச் சங்கு ஊதும்வரை
இன்னும் இருநூறு சுற்று சுற்றினேன்.
மதிப்பீட்டுக்காகத்தான்.