பதினாறடி ஒண்ணேகால்

டேப்பின் நாக்கை நான் பிடித்துக்கொள்ள
பவுலின் பின்பக்கமாய் நடந்து போனாள்.
"வலது, பதினாறடி. கரெக்டா பதினாறு."
"இடது?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
ஐஸ் உடைக்கிற மெஷின் மட்டும்
காசிமேட்டை மென்றுகொண்டிருந்தது.
"பதினாறடி ஒண்ணேகால் அங்குலம்."

போன ஆடியில்
திருவொற்றியூர்த் தூண்டில் வளைவில் போய் முட்டி
இடது மூக்கு உடைந்தது.
பைபர் ஒட்டியது நான்தான்.
பார்க்க லட்சணமாய் இருக்கட்டுமே என்று
கொஞ்சம் கூராக இழுத்துவிட்டேன்.
ஒரு வருஷமாய் இந்தப் படகு
ஒற்றைச் செருப்புப் போட்டவன் மாதிரி ஓடியிருக்கிறது.
நாங்கள் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

விதிப்படி நீளமான பக்கம்தான் கணக்கு.
ஒண்ணேகாலுக்கு
பதினொரு விநாடி எங்கள் தலையில் ஏறும்.

பக்கத்தில் தஸ்தகீரின் பதினெட்டடி.
டீ கிளாஸோடு வந்தான், குனிந்து பார்த்தான்:
"அறுத்து எறி. அஞ்சு நிமிஷ வேலை."
"உனக்குச் சகுனத்தடை பண்ண
நாங்க மூக்க அறுத்துக்கணுமா?" என்றாள்.
அவன் சிரித்ததில் டீ கொஞ்சம் எங்கள் படகில் சிந்தியது.

மூக்கை விட்டுவிட்டுப் பாய்மரத்துக்கு வந்தோம்.
முன்கம்பியை இரண்டு துளை தளர்த்தினோம்.
மரம் நாலு விரல்கடை பின்னால் சாய்ந்து
சாப்பிட்டு முடித்தவன் போல் நின்றது.
பக்கக் கம்பிகளைச் சுண்டினால்
இடது ஒன்று சொன்னது, வலது வேறொன்று.
மணலியில் வெல்டிங் பார்க்கிறவள் பவுலின்;
இரும்பு பொய் சொன்னால் அவளுக்குக் காது கூசும்.
கால் சுற்று, இன்னொரு கால் சுற்று,
ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோல் போனது.
எட்டு மணிக்கு இரண்டும் ஒரே வார்த்தை பேசின.

படிவத்தில் 'வகை' என்ற இடத்தில்
கட்டுமரம் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
கட்டும் இல்லை, மரமும் இல்லை,
அலுமினியம், பைபர், பதினாலு போல்ட்.

ஞாயிறு. தென்னல் முதுகில் இருந்தது,
தெண்டி நீரோட்டமும் வடக்கே இழுத்தது.
எண்ணூர்ப் புகைபோக்கிகள் வரை
எவனும் ஓட்டுவான்.
திரும்பி, எதிர்க்காற்றில் ஏறும்போதுதான்
சாய்ந்த மரம் தன் வேலையைக் காட்டியது.
பதினெட்டடி பெரிதாகிக்கொண்டே வந்தது,
அதாவது, நாங்கள் நெருங்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது முன்கம்பியின் ஆணி 'டிக்' என்றது.
சின்னச் சத்தம். வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற சத்தம்.
மரம் ஆட, நான் பாயைத் தளர்த்த,
பவுலின் குப்புறப் படுத்து
நைலான் கயிற்றை ஏழு சுற்று சுற்றி,
பல்லால் இழுத்து முடிந்தாள்.
வாயில் கயிறு இருக்க அவள் சொன்னது
கரைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது:
"இப்ப கட்டு இருக்கு.
மரத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

தஸ்தகீர் முன்னால் போய்ச் சேர்ந்தான்.
நீளத்தைக் கழித்து, கூட்டி, பெருக்கி,
கணக்குக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:
நாங்கள் தோற்றது ஒன்பது விநாடி.

ஒன்பது.
பவுலின் என்னைப் பார்க்கவில்லை.
இடது மூக்கைப் பார்த்தாள்.
அது உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வேலை விட்டு
ரம்பத்தோடு போனேன்.
எனக்கு முன்பே யாரோ பென்சிலில்
கோடு கிழித்திருந்தார்கள்,
பக்கத்தில் அவள் கையெழுத்து: ஒண்ணரை.
டேப் வைத்துப் பார்த்தேன்.
அங்கே அறுத்தால்
வலது கால் அங்குலம் நீளமாகிவிடும்.

ரம்பத்தை அவள் கோட்டில் வைத்தேன்.