எண்ணும் மேசை

கோட்டை மைதானத்தில் நாற்பதாயிரம் பேர்
அவர் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் முதுகைப் பார்த்தேன்.

கூட்டுறவு வங்கியிலிருந்து மூன்று பேர் போயிருந்தோம்:
நான், முனிரத்தினம், பேர்ணாம்பட்டு கிளை தஹ்சீன்.
மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் இரைச்சலில்
ஒரு இரும்பு மேசை, ஈரப் பஞ்சு, ரப்பர் வளையங்கள்.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்கு
ரத்தம் சுத்திகரிக்க இரண்டு மெஷின்.
பக்கெட்டுகள் வரவர எண்ண வேண்டும்.

முன்னாலிருந்து அவர் எப்படியோ.
பின்னாலிருந்து பார்த்தால்
பட்டுச் சட்டை இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது,
மைக் பேட்டரி நழுவாமலிருக்கப் பிளாஸ்திரி.
மூன்றாவது பாட்டில் முதுகு முழுக்க நனைந்து
தோளெலும்பு இரண்டும் தெரிந்தன.
சித்திரை மாதத்து வேலூர் யாருக்கும் சலுகை தராது.
பாட்டு முடிந்ததும் இருட்டுக்கு வருவார்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர்,
"இன்னும் எத்தனைடா?"
மறுபடி வெளிச்சத்துக்குள் கால் வைத்தால்
இருபத்தைந்து வயசு.

மோதிரத்தைக் கழற்றி ஏலம் விட்டார்.
ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர் மூன்று லட்சத்துக்கு எடுத்தார்.
"முதலாளிங்க குடுத்துட்டாங்க.
நம்ம ஆளுங்க?"
கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.
பாட்டில்லை, ஆட்டமில்லை, கையைக்கூட அசைக்கவில்லை.
அகழித் தண்ணீரில் தவளை கத்துவது கேட்டது.
அப்புறம் பக்கெட்டுகள் வர ஆரம்பித்தன.

பணத்துக்கு ஊர் உண்டு.
இருபத்திரண்டு வருஷத்து மூக்கு என்னுடையது:
தோலும் சுண்ணாம்பும் வீசினால் மேல்விஷாரம்.
ஒரு கட்டைப் பிரித்ததும் பீடித்தூள் உதிர்ந்து
தஹ்சீன் தும்மினாள்,
"எங்க ஊரு மேடம்" என்றாள்.
கடைக்காரர்கள் கையால் தொடாத
பத்து ரூபாய் நாணயம் மட்டும் இரண்டு பக்கெட்.
"ஊர்ல செல்லாததை எல்லாம்
அவர் தலையில கட்டிட்டாங்க" என்றார் முனிரத்தினம்.
செல்லும் சார், என்றேன்,
ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே இருக்கிறது.

மஞ்சள் சீட்டில் சுருட்டிய ஒரு இருபது ரூபாய்.
பிரித்தால்
டயாலிசிஸ் வரிசை எண் அறுபத்தொன்று, செவ்வாய், வெள்ளி.
சீட்டை எந்தக் கட்டில் வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஏழாவது பாட்டு.
இசை மட்டும் ஓடும் இடத்தில்
அவர் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பினார்.
எங்களைப் பார்த்தார். என்னைத்தான்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
காற்றில் நோட்டெண்ணிக் காட்டி
ஒரு சிரிப்பு.
எண்பத்து மூன்று.
எண்பத்து மூன்று,
அடுத்தது என்ன?
வேலையில் சேர்ந்த நாளிலிருந்து
எனக்குக் கட்டு தவறியதில்லை.
முனிரத்தினத்திடம் சொல்லாமல்
முதலிலிருந்து எண்ணினேன்.

"வேலூர் குடுத்தது அம்பது லட்சம்!"
மேடையில் அறிவித்துவிட்டார். கோட்டைச் சுவர்
அதை வாங்கித் திருப்பிச் சொன்னது.
எங்கள் ரிஜிஸ்டரில், மோதிரத்தோடு சேர்த்து,
பதினொரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எழுபது.

எல்லாம் முடிந்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
"எவ்ளோம்மா?" என்றார்.
சொன்னேன்.
"அம்பதுன்னுட்டேனே."
"ஆமாங்க, கேட்டுச்சு."
"ஒரு மெஷினாவது வருமா?"
"ஒண்ணு வரும்."
நாணய பக்கெட்டில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
விரலிடுக்கில் வழிய விட்டார்.
வேறெதுவும் பேசவில்லை.
வேலிக்கு அப்பால் தலைவா, தலைவா என்றார்கள்.
எழும்போது முழங்கால் சொடுக்கியது.
கார் விளக்கு அவரைத் தொடுவதற்கு முன்பே
முகத்தைப் போட்டுக்கொண்டார்.

சத்துவாச்சாரிக்கு ஷேர் ஆட்டோ, ராத்திரி ஒன்றரை மணி.
என் கைப்பையில் மிச்சமிருந்த பத்து ரூபாய் நாணயத்தை
ஓட்டுநர் வாங்க மாட்டேன் என்றான்.
"ஷோவுக்கா போனீங்க? எப்படிக்கா இருந்தாரு?"
நல்லா வேர்த்துது, என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

கிரீன் சர்க்கிள் தாண்டும்போதுதான்
வந்தது:
எண்பத்து நான்கு.