செந்தூலில் ஓர் ஒத்திகை

விளக்கை அணைத்தேன்.
நாற்காலிகளைக் கதவோடு நெருக்கினோம்.
மூன்றாம் வகுப்பு முழுக்க மேசைக்கடியில்.
ஜெயரூபிணிக்கு விக்கல்,
மற்றவர்களுக்குச் சிரிப்பு.

சுற்றறிக்கையில் சொன்னபடி
அடிக்கோலால் பலகையை அறைந்தேன்.
"இந்தச் சத்தம் கேட்டால்
மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது."

"அப்படிக் கேக்காது டீச்சர்,"
என்றான் லோகநேசன்.
"மைலோ டின் மூடி தெறிக்கிற மாதிரி.
மூணு தடவ.
அப்புறம் கார் ஹார்ன்,
அது நிக்கவே நிக்காது."

பதிவேட்டில் அவன் அப்பா பெயர்மீது
போன வருடம்
நானே இழுத்த சிவப்புக் கோடு.

வெளியே கொமுட்டர் கடந்துபோனது.
ஒத்திகை முடிய இன்னும் நாலு நிமிடம்.

விக்கல் நிற்கவில்லை.
அவன் தவழ்ந்து போய்
கதவுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து
புத்தகப்பையை
அவள் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினான்,
அளவு பார்த்து,
கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி.